கடலோர வீட்டில் படம் மாட்ட: பிரேம், மவுண்ட், கொக்கி தேர்ந்தெடுக்கும் முறை

பிரேம் கடைக்குப் போனதும் எல்லோருக்கும் கண் முதலில் போவது பீடிங் (பிரேமின் சட்டப் பட்டை) மாதிரிகள் மேல்தான். தங்க நிறமா, கறுப்பா, மர நிறமா என்று பேசி முடித்துவிட்டு, கண்ணாடி, பின்அட்டை, கொக்கி எல்லாவற்றையும் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறோம். புதுச்சேரியிலும் கடலூரிலும் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். இங்கே படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் பின்னாலிருந்து வரும் ஈரம்தான். ஆகவே முதலில் சுவரைப் பாருங்கள். அடுத்து படத்தை உள்ளே பிடித்து வைக்கும் முறை, அதற்கடுத்து கண்ணாடியும் பின்மூடியும். பீடிங் நிறத்தைக் கடைசியில் முடிவு செய்தால் போதும்.

எந்தச் சுவர்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காற்றோடு வந்து வெளிச்சுவரில் அறைகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அந்த மாதிரி மழையில் ஒன்பது இன்ச் செங்கல் சுவர்கூட உள்பக்கம் வரை ஈரம் வாங்கும். வெளியே பெயின்ட் வெடித்திருந்தால் இன்னும் சீக்கிரம் வாங்கும். நல்ல படத்துக்கு ஏற்ற இடம் இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் உள்சுவர். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் வேண்டாம். தரைத்தளத்தில், தரையிலிருந்து மூன்றடிக்குள் உப்பு பூத்திருக்கும் சுவரும் வேண்டாம். உப்பை வழித்துவிட்டுப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். முதல் வகைச் சுவரில் காகிதப் படம் எதையும் மாட்டாதீர்கள். இரண்டாம் வகைச் சுவரில், பின்னால் இடைவெளி விட்டு மாட்டலாம்.

வெளிச்சத்தையும் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் நேராக உள்ளே விழும். நீர்வண்ணம், கலர் போட்டோ, இங்க்ஜெட் பிரின்ட் மூன்றும் அதில் வெளுக்கும். வெளுத்த நிறம் திரும்ப வராது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும் என்பதால், நேர் வெயில் படாத சுவரே முதல் பாதுகாப்பு.

ஏ.சி. அறையில் குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்தையும் தவிருங்கள். ஏ.சி.யை நிறுத்திக் கதவைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் வேர்க்கும்.

படத்தை உள்ளே பிடித்து வைப்பது

காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். இதை மறந்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினாலோ, முழுப் பின்பக்கத்தையும் பசை தடவி அட்டையில் ஒட்டினாலோ, மழைக்காலம் வந்ததும் படம் அலை அலையாக எழும்பும். மேல் விளிம்பில் மட்டும், இரண்டு இடத்தில் தொங்கவிட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் விரிய இடம் இருக்க வேண்டும்.

செல்லோடேப், இரட்டைப்பக்க டேப், பிரவுன் டேப் எதையும் படத்தின் மேல் ஒட்டாதீர்கள். அவற்றின் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும், முன்பக்கம் வரை கறை தெரியும். ஃபெவிகால் காய்ந்த பிறகு சேதமில்லாமல் எடுக்க முடியாது. நல்ல படத்துக்குக் கோதுமை ஸ்டார்ச் பசைதான் சரி. அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்துத் தெளியவிட்டால் அடியில் படியுமே, அந்த வெள்ளை மாவுதான் ஸ்டார்ச். அதை உலர்த்தி, ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் விட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் கிளறினால் கண்ணாடி போல் தெளிந்து கெட்டியாகும். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சர்க்கரையோ உப்போ சேரக் கூடாது. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும் என்பதால் கொஞ்சமாகச் செய்தால் போதும். மைதாவை அப்படியே காய்ச்சிய பசை வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

தொங்கவிடும் பட்டைக்குப் பருத்திக் காகிதம் வேண்டும். புதுச்சேரியில் இதற்கு அலைய வேண்டியதில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறது. சாயம் போடாத, பூவிதழோ நாரோ பதிக்காத, மிக மெல்லிய வெள்ளைத் தாளை வாங்குங்கள். சாயத்தாள் ஈரத்தில் நிறம் விடும். பட்டை எப்போதும் படக்காகிதத்தைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். பிரேம் தவறிக் கீழே விழுந்தால் பட்டை கிழியட்டும், படம் கிழியக் கூடாது.

அரை இன்ச் அகலம், ஒன்றரை இன்ச் நீளத்தில் இரண்டு பட்டை கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டினால் விளிம்பு கூராக நின்று முன்பக்கம் தடம் தெரியும், அதனால் ஈரம் தொட்டுக் கையால் கிழிப்பதே நல்லது. பட்டையின் கீழ்முனையில் 5 மி.மீ. அளவுக்கு மட்டும் பசை தொட்டு, படத்தின் பின்பக்க மேல்விளிம்பில் ஒட்டுங்கள். மீதி பட்டை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். படத்தைப் பின்அட்டையில் சரியான இடத்தில் நேராக வைத்து, நீட்டிய பகுதியின் மேல் குறுக்காக இன்னொரு பட்டையை ஒட்டி அட்டையோடு சேர்த்துவிடுங்கள். ஒட்டிய இடத்தில் பிளாட்டிங் தாள் வைத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டும் கனமான புத்தகமும் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பசை அதிகமானால் காகிதம் அந்த இடத்தில் சுருங்கிச் சுளுக்கிக்கொள்ளும். தொட்டால் லேசாக ஒட்டும் அளவு போதும்.

போட்டோவுக்குப் பசையே வேண்டாம். நான்கு மூலையிலும் காகித மூலைப்பை செய்து, அதற்குள் போட்டோவைச் செருகி, பையை மட்டும் அட்டையில் ஒட்டுங்கள்.

மவுண்ட் போர்டு

படத்தைச் சுற்றிச் சாளரம் போல வெட்டி வைக்கும் அட்டைதான் மவுண்ட். அழகு அதன் பாதி வேலை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி தருவது மறுபாதி. கண்ணாடியில் வேர்க்கும் நீர் காகிதத்தைத் தொட்டால் பூஞ்சை பிடிக்கும். போட்டோவாக இருந்தால் அதன் பூச்சு கண்ணாடியோடு ஒட்டியே போகும். மவுண்ட் வேண்டாம் என்று நினைத்தால், பீடிங் பள்ளத்துக்குள் கண்ணாடி ஓரத்தில் 3 முதல் 5 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை வைத்து அந்த இடைவெளியைக் கட்டாயம் உண்டாக்குங்கள்.

அமிலமற்ற மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள். சாதா மரக்கூழ் அட்டையில் 45 டிகிரியில் வெட்டிய விளிம்பு சில வருஷத்தில் பழுப்பாகும், அதே பழுப்பு படத்திலும் கோடாக இறங்கும். பழைய பிரேமைப் பிரித்தால் படத்தைச் சுற்றி ஒரு காவி நிறச் சதுரம் தெரிவது இதனால்தான்.

அளவுக்கு ஏ3 பிரின்ட்டை எடுத்துக்கொள்வோம். அது 29.7 × 42 செ.மீ. சாளரம் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. உள்ளே வர வேண்டும் என்பதால் 29.1 × 41.4. மேலேயும் இரு பக்கமும் 6 செ.மீ., கீழே 7 செ.மீ. மவுண்ட் விடுங்கள். நான்கு பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே சரிந்தது போலக் கண்ணுக்குப் படும், அதனால்தான் கீழே ஒரு செ.மீ. கூடுதல். கண்ணாடி அளவு 41.1 × 54.4. பிரேம் உள்பள்ளம் இதைவிட 3 மி.மீ. பெரிதாக, 41.4 × 54.7 என்று இருக்கட்டும். மரம் மழையில் ஊதும். இறுக்கமாக வெட்டிய கண்ணாடி மூலையில் விரிசல் விடும்.

பீடிங் எவ்வளவு வேண்டும் என்பதற்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, பீடிங் அகலத்தைப் போல எட்டு மடங்கைச் சேருங்கள். மேலே சொன்ன படத்துக்கு 2.5 செ.மீ. பீடிங் என்றால் 192 + 20 = 212 செ.மீ., ஏழடி. அறுப்புச் சேதாரத்துக்கு அரையடி கூட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா

கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 2.5 கிலோ. நம் ஏ3 படத்துக்கு 2 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய 1.1 கிலோ வரும். 60 × 90 செ.மீ. படத்துக்கு 2.7 கிலோ. அக்ரிலிக் இதில் பாதிக்கும் குறைவு. குழந்தைகள் ஓடும் கூடத்திலும், கட்டிலுக்கு மேலும், பெரிய அளவிலும் அக்ரிலிக் நல்லது. ஆனால் கீறல் விழும், நிலைமின்சாரத்தால் தூசியை இழுக்கும். கரி ஓவியம், பேஸ்டல் இரண்டுக்கும் அக்ரிலிக் கூடவே கூடாது. படத்திலுள்ள பொடியையே அது இழுத்துக்கொள்ளும். துடைக்க ஈரமான மென்துணி போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் அக்ரிலிக்கை மங்கடிக்கும்.

சொரசொரப்பான மேட் கண்ணாடி ஒளி தெறிப்பதைக் குறைக்கும். ஆனால் மவுண்ட் இடைவெளி இருக்கும்போது படமே கலங்கலாகத் தெரியும். சாதாக் கண்ணாடியைப் போட்டு, ஜன்னலுக்கு எதிரே மாட்டாமல் இருப்பது மேல்.

எண்ணெய், அக்ரிலிக் வண்ண கேன்வாஸுக்குக் கண்ணாடி வேண்டாம். சட்டத்தில் இழுத்து அடிக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, எதிரெதிராக, மூலையை நோக்கிப் போக வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும், பிறகு போகாது. மழைக்காலத்தில் துணி தளர்ந்தால், உள்மூலைகளில் இருக்கும் மர ஆப்புகளை லேசாகத் தட்டினால் மறுபடி இறுகும். ஆகவே ஆப்பு வைக்கும் சட்டமாகக் கேளுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தில் கல்லும் சுண்ணப் புடைப்பும் எழும்பி நிற்பதால் ஆழமான பிரேம் வேண்டும். எழும்பிய இடத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. இருக்கட்டும். புடைப்பு ஈரம் குடித்தால் தங்கத்தாள் உரியும். அதனால் இந்தப் படத்தை வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம்.

ஸ்டுடியோவில் லேமினேஷன் என்று எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒட்டித் தரும் படங்கள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. முன்பக்கம் பிளாஸ்டிக் படலம் காக்கும், ஓரமும் பின்பக்கமும் பச்சையாக விடப்பட்டிருக்கும். ஈரம் அங்கே ஏறி, பலகை ஊதி, படலம் ஓரத்திலிருந்து கிளம்பும். வாங்கி வந்த அன்றே ஓரத்திலும் பின்பக்கத்திலும் இரண்டு கை எனாமல் பெயின்டோ வார்னிஷோ அடியுங்கள். ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால் அந்த போட்டோவை லேமினேஷனுக்குக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் செய்து எடுத்த பிரதியைக் கொடுங்கள்.

பின்பக்கம்

வழக்கமாகப் போடும் ஹார்டுபோர்டு ஈரத்தை உறிஞ்சி வளையும், வளைந்தால் படத்தை முன்னால் தள்ளும். பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. அலுமினியக் கலவைத் தகடு (ஏ.சி.பி. ஷீட்) நம் கரைக்கு நல்ல பின்மூடி. ஈரம் ஊடுருவாது, கரையான் தொடாது, வளையாது. தகட்டுக்கும் படத்துக்கும் நடுவே அமிலமற்ற அட்டை ஒன்று வரட்டும். தகட்டுக்கும் பிரேமுக்கும் இடையிலுள்ள விளிம்பை அகலமான காகித டேப்பால் சுற்றி ஒட்டினால் தூசியும் ராமபாணப் பூச்சியும் உள்ளே போகாது. மழை இல்லாத, காய்ந்த நாளில் மூடுங்கள். நவம்பரில் மூடினால் நவம்பர் ஈரத்தையும் சேர்த்து உள்ளே அடைக்கிறோம்.

கீழ்மூலை இரண்டிலும் ரப்பர் புஷ் ஒட்டுவதை விட்டுவிடாதீர்கள். மிக மலிவான பொருள், செய்யும் வேலையோ பெரிது. கடைகளில் கிடைக்கும் 2 மி.மீ. புஷ் இங்கே பற்றாது, 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போய்வர அது வழி விடும்.

இப்போது பீடிங். சிறிய, நடுத்தர அளவுக்கு சிந்தெடிக் பீடிங்கே கடலோரத்தில் கவலையில்லாதது. தண்ணீர் குடிக்காது, உளுக்காது. ஆனால் மூன்றடிக்கு மேல் நீளம் போனால் கண்ணாடி எடையில் கீழ்ச்சட்டம் தொய்யும், ஸ்க்ரூவும் உறுதியாகப் பிடிக்காது. பெரிய படத்துக்குத் தேக்கு அல்லது நன்றாகக் காய்ந்த வேம்பு எடுங்கள். மூலை இணைப்பில் இடைவெளி தெரிந்தால் அது காயாத மரம், அல்லது சரியாக 45 டிகிரியில் அறுக்காதது. மக்கு பூசி மறைத்திருக்கிறார்களா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள். சட்டத்தில் குண்டூசி அளவு ஓட்டையும் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளு இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கொக்கியும் சுவரும்

சாதா இரும்பு ஸ்க்ரூ உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுவரில் காவிக்கோடு இழுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை கேளுங்கள். டி ரிங்கை (பிரேமின் பின்னால் வரும் ஆங்கில D வடிவ வளையம்) மேல்விளிம்பிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே பொருத்துங்கள். முதலில் 2 மி.மீ. துளை போட்டுவிட்டு ஸ்க்ரூ ஏற்றினால் மரம் வெடிக்காது.

கம்பியை இழுத்துக் கட்டக் கூடாது. நான்கு கிலோ படத்தில் கம்பி கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் 2.3 கிலோ இழுப்பு. 30 டிகிரியில் 4 கிலோ. விறைப்பாகக் கட்டி 10 டிகிரியாக விட்டால் 11.5 கிலோ. கம்பி அறுவதும் டி ரிங் பிடுங்கிக்கொள்வதும் இதனால்தான். அகலமான படத்துக்குக் கம்பியே வேண்டாம், இரண்டு டி ரிங்கையும் நேராக இரண்டு ஸ்க்ரூவில் மாட்டுங்கள். பிரேமின் பின்னால் குறுக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டு வளையத்தின் இடத்தையும் குறித்து, அதே டேப்பை உரித்துச் சுவரில் ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துத் துளை போட்டால் கோணல் வராது.

பத்து கிலோவைத் தாண்டும் தஞ்சாவூர் படம் போன்றவற்றுக்கு, ஒரு பிளைவுட் பட்டையை நீளவாக்கில் 45 டிகிரியில் இரண்டாகப் பிளந்து, ஒன்றைப் பிரேமிலும் மற்றதைச் சுவரிலும் அடித்து, ஒன்றின் மேல் ஒன்று அமரும்படி செய்யுங்கள். எடை ஒரே ஆணியில் நிற்காமல் பட்டை முழுவதும் பரவும். கீழே அதே தடிமனில் ஒரு கட்டை வைத்தால் படம் செங்குத்தாக நிற்கும்.

உயரத்துக்குப் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 147 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். வெளி உயரம் 60 செ.மீ., கம்பியை இழுத்துப் பிடித்தால் அதன் உச்சி மேல்விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே நிற்கிறது என்றால், கொக்கி 147 + 30 − 8 = 169 செ.மீ. உயரத்தில் வரும். சோபாவுக்கு மேல் என்றால் சாய்மானத்துக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே பிரேம் தொடங்கட்டும்.

டிரில் போடும் முன் ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் இருக்கும் கோட்டை விட்டுவிடுங்கள். ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும். 6 மி.மீ. பிட்டில் வேண்டிய ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வெளியே வரும் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். சாம்பல் நிறம் சிமென்ட் பூச்சு, சிவப்பு செங்கல், வெள்ளை சுண்ணாம்புக் காரை. இன்றைய வீடுகளில் உள்பூச்சு 12 முதல் 15 மி.மீ. இருக்கும். பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் குழல்) முழுக்க அதைத் தாண்டிச் செங்கலுக்குள் உட்கார வேண்டும், ஆகவே 2 இன்ச் ஸ்க்ரூ. துளையிலுள்ள தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக் அடித்தால் பிடி இருக்காது.

வைசியாள் வீதி, பிரெஞ்சுப் பகுதி போன்ற இடங்களில் இருக்கும் பழைய காரைச் சுவர்களில் கதையே வேறு. பூச்சு ஓர் இன்ச்சுக்கு மேலும் இருக்கும், மென்மையானது. ஹேமர் முறையில் துளைத்தால் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழும். சாதாச் சுழற்சியிலேயே மெல்ல இறங்குங்கள். வெள்ளைத் தூள் நின்று சிவப்புத் தூள் வந்த பிறகு குறைந்தது ஒன்றரை இன்ச் உள்ளே போங்கள். மூன்று இன்ச் ஸ்க்ரூ வேண்டியிருக்கும். எவ்வளவு போனாலும் வெள்ளையே வந்தால் கல் இடுக்கில் இறங்கியிருக்கிறீர்கள், ஓர் இன்ச் மேலேயோ கீழேயோ மாற்றிப் போடுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரிலும் டிஸ்டெம்பர் சுவரிலும் ஒட்டும் கொக்கிகள் நிற்காது. பசை சுண்ணாம்பைப் பிடிக்கும், சுண்ணாம்போ சுவரை விட்டுவிடும்.

மாட்டிய பிறகு

பெரியவர்களின் படத்துக்கும் சாமி படத்துக்கும் மாலை போடும்போது, பூவிலிருந்து வடியும் தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கிக் கீழ்ப்பள்ளத்துக்குள் போகும். நிறைய குடும்பப் படங்களில் கீழ்ப்பகுதி மட்டும் கறுத்திருப்பதற்கு இதுதான் காரணம். மாலைக்குப் பிரேமுக்கு மேலே சுவரில் தனிக்கொக்கி போடுங்கள். முன்பக்கம் கண்ணாடியும் பீடிங்கும் சேரும் கீழ்விளிம்பில் மெல்லிய சிலிக்கான் கோடு இழுங்கள். பூவை உதறி, ஈரம் வடிந்த பின் போடுங்கள்.

உயரத்தில் முன்பக்கம் சாய்த்து மாட்டிய படத்தின் பின்னால் பல்லி முட்டையிடும், குளவி மண்கூடு கட்டும். மாதம் ஒருமுறை இறக்கித் துடையுங்கள். மழைக்காலத்துக்கு முன் செப்டம்பரில் பின் டேப், ஸ்க்ரூ, புஷ் மூன்றையும் பாருங்கள். புயல் அறிவிப்பு வந்தால் வெளிச்சுவர்ப் படங்களை இறக்கி, தரையில் சாய்த்து வைக்காமல் உள்ளறைப் பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ படுக்க வையுங்கள்.

நனைந்துவிட்டால் முகம் கீழே இருக்கும்படி கிடத்தி, பின்மூடியைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர விடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் காகிதத்தை முறுக்கும். பழைய ஸ்டுடியோ போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்து, இன்னும் ஈரமாகவே இருந்தால், கண்ணாடியோடு சேர்த்துச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் தானாக விடக்கூடும். இங்க்ஜெட் பிரின்ட்டுக்கு இது ஆகாது, மை கரையும். காய்ந்து ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் எடுத்துப் புதிய பிரதி போடுங்கள். மூலப்படத்தைக் கண்ணாடியோடு அமிலமற்ற தாளில் சுற்றி எடுத்து வையுங்கள்.